பில்லில் இல்லாத இருபது சதவீதம்

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் வீட்டுக்கு இரண்டாவது முறையாகப் போகிறோம். போன தடவை எல்லோரும் வெளியே சாப்பிடப் போனபோது, "இன்றைக்கு என் செலவு" என்று இவர் பில்லைக் கட்டினார். வரியோடு 84 டாலர். டிப்ஸ் என்று 3 டாலர் வைத்தார். மகன் எதையோ மறந்துவிட்டேன் என்று உள்ளே திரும்பிப் போய் இன்னும் 12 டாலர் வைத்துவிட்டு வந்திருக்கிறான். விஷயம் தெரிந்ததும் வீட்டில் பெரிய மனத்தாங்கல். "சாப்பாட்டுக்கு விலை கொடுத்தாயிற்று. வேலை செய்கிறவருக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு" என்கிறார் இவர். "இங்கே அப்படி இல்லை அப்பா" என்கிறான் மகன். யார் சொல்வது சரி? வீல்சேர் தள்ளுகிறவர், லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறவர், நயாகரா பஸ்காரர் எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமா? எவ்வளவு? திரும்பி வந்ததும் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்கும் போகிறோம். அங்கேயும் இதே கதைதானா?
ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள அம்மா,

வயதானவர்களை வெளிநாடு அழைத்துப் போய் வருவதுதான் என் தொழில். அமெரிக்கப் பயணம் என்றால் இந்தக் கேள்வி வராமல் இருந்ததே இல்லை. எனவே நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் அந்த 12 டாலரை வைத்தது சரி. நானாக இருந்தாலும் வைத்திருப்பேன். அதற்காக சார் கேட்டது தப்பு என்று ஆகிவிடாது. சம்பளத்தை முதலாளிதானே கொடுக்க வேண்டும் என்பது நல்ல கேள்வி. அந்த ஊரின் கூலிச் சட்டத்தைப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

அமெரிக்க மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 செண்ட். இது 2009-இல் வந்தது. ஆனால் டிப்ஸ் வாங்கும் வேலையில் இருப்பவருக்கு முதலாளி தன் கையிலிருந்து மணிக்கு 2 டாலர் 13 செண்ட் கொடுத்தால் போதும் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்தத் தொகை 1991-இல் இருந்து ஒரு செண்ட்கூட ஏறவில்லை. டிப்ஸையும் சேர்த்துக் குறைந்தபட்சக் கூலி வரவில்லை என்றால் பாக்கியை முதலாளி நிரப்ப வேண்டும். அது விதி. மாநிலங்கள் இதைவிட அதிகமாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் மகன் இருக்கும் நியூ ஜெர்சியில் 2025-இல் பொதுவான குறைந்தபட்சக் கூலி 15 டாலர் 49 செண்ட். அந்த ஆண்டு டிப்ஸ் வாங்குகிறவருக்கு முதலாளி கொடுக்க வேண்டியிருந்தது 5 டாலர் 62 செண்ட். நடுவில் கிட்டத்தட்ட 10 டாலர் இருக்கிறது, பாருங்கள். அந்தப் பத்து டாலரைச் சாப்பிட வருகிறவர்கள் கொடுப்பார்கள் என்று சட்டமே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் ஹோட்டல் சர்வருக்குச் சம்பளம் குறைவுதான் என்றாலும் அதை முதலாளி கொடுக்கிறார். பல இடங்களில் சாப்பாடும் தங்குவதற்கு இடமும் உண்டு. நாம் வைக்கும் இருபது ரூபாய் அதற்கு மேல் ஒரு சந்தோஷம். சார் அந்த மனக்கணக்கில் 3 டாலர் வைத்திருக்கிறார். அங்கே சர்வர் அதைப் பார்க்கும்போது, ஒரு மேசைக்கு உழைத்த கூலியில் பெரும்பகுதி வரவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. மேசையைத் துடைத்துத் தயார் செய்கிறவர், தட்டைக் கொண்டுவந்து தருகிறவர் என்று மற்றவர்களுக்கும் சர்வர் தன் டிப்ஸிலிருந்து பங்கு கொடுக்க வேண்டிய உணவகங்கள் நிறைய. அந்தப் பங்கை அன்றைக்கு அவர் பரிமாறிய மொத்த விற்பனையில் இத்தனை சதவீதம் என்று வைத்திருக்கும் இடங்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் 84 டாலருக்குச் சாப்பிட்டுவிட்டு 3 டாலர் வைத்தால், பங்கு கொடுத்தபின் அவர் கையில் ஏறக்குறைய ஒன்றும் நிற்காது. முதலாளியோ மேனேஜரோ அந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது என்று 2018-இல் சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. ஆகவே நீங்கள் வைப்பது வேலை செய்கிறவர்களுக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஆரெகன், நெவாடா, மினசோட்டா, மான்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது. முழுக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். ஆனாலும் அங்கேயும் வாடிக்கையாளர்கள் அதே 18, 20 சதவீதம்தான் வைக்கிறார்கள். பழக்கம் அவ்வளவு ஊறிவிட்டது.

சாருக்கு இது ஆறுதலாக இருக்கும்: அவருடைய எதிர்ப்பு அமெரிக்காவிலேயே பழையது. 1860-களின் உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பின மக்களைச் சொற்பச் சம்பளத்துக்கு அல்லது சம்பளமே இல்லாமல் வேலைக்கு வைத்துக்கொண்டு, வருகிறவர் கொடுப்பதை வைத்துப் பிழைத்துக்கொள்ளச் சொன்ன முதலாளிகள் இருந்தார்கள். புல்மன் நிறுவனத்தின் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் வேலை பார்த்த போர்ட்டர்கள் பயணிகளின் டிப்ஸை நம்பித்தான் குடும்பம் நடத்தினார்கள். 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்து, 1937-இல்தான் அந்த நிறுவனத்தோடு முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடிந்தது. டிப்ஸ் ஜனநாயகத்துக்கே ஒவ்வாதது என்று பேசிய இயக்கமும் நடந்தது. 1909-இல் வாஷிங்டன் மாநிலம் அதைச் சட்டம் போட்டே தடுத்தது. இன்னும் சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1926-க்குள் அந்தத் தடைகள் எல்லாம் போய்விட்டன. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1938-இல் வந்தபோது உணவகத் தொழிலாளர்களைச் சேர்க்கவில்லை. 1966-இல் சேர்த்தார்கள், ஆனால் டிப்ஸைக் கூலியில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகையை முதலாளிகளுக்குக் கொடுத்துவிட்டுச் சேர்த்தார்கள். 2015-இல் நியூயார்க்கின் பெரிய உணவக முதலாளி டேனி மேயர் டிப்ஸை எடுத்துவிட்டு விலையை ஏற்றிப் பார்த்தார். 2020-இல் பழையபடி டிப்ஸுக்கே திரும்பினார். இத்தனை பேர் முயன்றும் அசையாத ஏற்பாட்டை ஒரு மேசையில் 3 டாலர் வைத்து மாற்ற முடியாது. அன்றைக்கு நமக்குப் பரிமாறிய பிள்ளைக்குக் கூலி குறைவதுதான் மிச்சம். எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஆனால் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு எதிர்ப்பைக் காட்டுவது அதைவிடப் பிடிக்கவில்லை.

சட்டப்படி கட்டாயமா என்றால், இல்லை. போலீஸ் வராது. உட்கார வைத்து மேசைக்கே வந்து பரிமாறும் இடத்தில் 18 முதல் 20 சதவீதம் வைப்பது இன்றைய வழக்கம். 15 என்பது இப்போது கீழ்வரம்பு. வரிக்கு முந்தைய தொகைக்குக் கணக்குப் போட்டால் போதும். நியூ ஜெர்சியில் விற்பனை வரி 6.625 சதவீதம். பில்லில் இருக்கும் வரித்தொகையை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய 20 சதவீதம் வந்துவிடும். உங்கள் 84 டாலர் பில்லில் வரி 5 டாலர் 22 செண்ட் இருந்திருக்கும். அதை மூன்றால் பெருக்கினால் 15 டாலர் 66 செண்ட். சாரும் மகனும் சேர்ந்து வைத்த 15 டாலர் சரியான அளவுதான். நியூயார்க் நகரத்துக்குப் போனால் வரி 8.875 சதவீதம், அங்கே இரண்டால் பெருக்கினாலே 18-க்குப் பக்கத்தில் வரும்.

அடுத்த முறை சார் விருந்து கொடுக்க ஆசைப்பட்டால் உணவகத்துக்குள் நுழைவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடட்டும். மெனுவில் 100 டாலர் என்றால் வரியும் டிப்ஸும் சேர்ந்து கையிலிருந்து போவது 127 டாலர். உண்மையான விலை அதுதான். ரூபாயில் பெருக்கிப் பார்த்து மலைப்பாக இருந்தால், கவுண்டரில் வாங்கி நாமே எடுத்துவந்து சாப்பிடும் கடைக்குப் போகலாம், பார்சல் வாங்கலாம். நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில், ஓக் ட்ரீ ரோட்டில் அப்படிப்பட்ட நம்மவர் கடைகள் நிறைய உண்டு. செலவைக் குறைக்க அது கௌரவமான வழி. மேசையில் உட்கார்ந்து பரிமாற வைத்துவிட்டு, கடைசியில் சர்வருடைய பங்கில் மட்டும் சிக்கனம் பார்ப்பதுதான் கூடாது.

பில் வந்ததும் ஒரு நிமிடம் படித்துப் பாருங்கள். ஆறு பேருக்கு மேல், சில இடங்களில் எட்டுப் பேருக்கு மேல் போனால் 18 சதவீதத்தைக் கிராச்சுட்டி அல்லது சர்வீஸ் சார்ஜ் என்று அவர்களே சேர்த்துவிடுவது உண்டு. சேர்த்திருந்தால் மறுபடி வைக்க வேண்டாம். கீழே கூடுதல் டிப்ஸுக்கு ஒரு கோடு இருக்கும், அதைப் பார்த்துக் குழம்பிப் பலரும் இரண்டு தடவை கொடுத்துவிடுகிறார்கள். 18, 20, 22 சதவீதத்துக்கு எவ்வளவு என்று பில்லிலேயே அச்சடித்திருப்பார்கள். சில இடங்களில் அது வரியையும் சேர்த்துப் போட்ட கணக்கு. நீங்கள் கணக்கு டீச்சரோ இல்லையோ, ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கார்டில் கட்டினால் இரண்டு சீட்டு வரும். கடைக்காரர் சீட்டில் டிப்ஸ் தொகையை எழுதி, மொத்தத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு வர வேண்டும். இன்னொன்று உங்களுக்கு. டிப்ஸைப் பணமாக வைத்தால் அந்தக் கோட்டை வெறுமையாக விடாமல் "கேஷ்" என்று எழுதுங்கள். நம் ஊர் பேங்க் கார்டு என்றால் முதலில் டிப்ஸ் இல்லாத தொகைக்கு மெசேஜ் வரும். இரண்டொரு நாளில் டிப்ஸும் சேர்ந்த தொகை கணக்கில் ஏறும். ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். பில்லையும் பணமாகவே கட்டினால் "டு யூ நீட் சேஞ்ச்?" என்று கேட்பார்கள். மரியாதைக்காக "நோ, நோ" என்று சொன்னால் மீதி முழுவதும் டிப்ஸாகிவிடும். மீதி வேண்டுமென்றால் தயங்காமல் "யெஸ், ப்ளீஸ்" என்று சொல்லுங்கள்.

நம்மவர்கள் சாப்பிடும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐஸ் போட்டு வரும் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்து வெந்நீர் கேட்போம். சூப்பில் கோழிச்சாறு சேர்த்திருக்கிறார்களா, சாஸில் மீன் இருக்கிறதா என்று சமையலறைக்கு அனுப்பிக் கேட்கச் சொல்வோம். ஒரு தட்டு வாங்கி இரண்டு பேர் பகிர்ந்துகொண்டு, காலித் தட்டு இரண்டு கேட்போம். இதில் எதுவும் தப்பில்லை, சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் பில் சின்னதாகவும் சர்வருக்கு நடை அதிகமாகவும் ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட நாளில் சதவீதத்தை மறந்துவிட்டு இரண்டு மூன்று டாலர் கூட வையுங்கள்.

சாப்பாடு தாமதமாக வந்தால் அது பெரும்பாலும் சமையலறையின் தாமதம். சர்வரே மரியாதைக் குறைவாக நடந்துகொண்டால் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், டிப்ஸைப் பத்து சதவீதமாகக் குறையுங்கள். ஒன்றுமே வைக்காமல் எழுந்து வந்தால், கோபத்தில் வைக்கவில்லையா, வழக்கம் தெரியாமல் வைக்கவில்லையா என்று அவர்களுக்குத் தெரியாது.

எங்கே கொடுக்க வேண்டாம் என்பதையும் இதே அழுத்தத்தோடு சொல்லிவிடுகிறேன். காபிக் கடை, பேக்கரி, ஸ்வீட் கடை எல்லாவற்றிலும் இப்போது ஒரு டேப்லெட்டை நம் பக்கம் திருப்பி 18, 20, 25 என்று காட்டுகிறார்கள். பின்னால் வரிசை நிற்கிறது, எதிரே அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கூச்சத்தில் எதையாவது அழுத்திவிடுகிறோம். கவுண்டரில் நிற்கும் ஊழியர்களுக்குப் பெரும்பாலும் முழுக் குறைந்தபட்சக் கூலி உண்டு. "நோ டிப்" பொத்தானை நிம்மதியாக அழுத்துங்கள். மனம் கேட்டால் ஒரு டாலர் போடலாம். குடியேற்ற அதிகாரி, விமானநிலையப் பாதுகாப்பு ஊழியர், போலீஸ், தேசியப் பூங்கா ரேஞ்சர் போன்ற அரசு ஊழியர்களிடம் பணத்தை நீட்டவே கூடாது, அது வேறு மாதிரி ஆகிவிடும். டாக்டர், நர்ஸ், விமானப் பணிப்பெண், சூப்பர் மார்க்கெட் பில் போடுகிறவர், இவர்களுக்கெல்லாம் வழக்கமில்லை.

வீல்சேர் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் வயதினருக்கு முதல் டிப்ஸ் அங்கேதான் தொடங்குகிறது. வீல்சேர் உதவி, சட்டப்படி விமான நிறுவனம் இலவசமாகச் செய்து தர வேண்டிய சேவை. யாரும் கட்டணம் கேட்க முடியாது. யாராவது தொகை சொல்லிக் கேட்டால் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக் கம்பெனி ஆட்கள், சம்பளம் குறைவு. நியூ ஜெர்சியின் நியூவர்க் விமானநிலையத்தில் இறங்கி, குடியேற்ற வரிசை, பெட்டி எடுப்பது, கஸ்டம்ஸ் என்று ஒரு மணி நேரம் உங்களோடு நின்று, வெளியே மகன் கையில் ஒப்படைக்கிறார்கள். அப்படிச் செய்தவருக்கு 5 டாலர் கொடுப்பது நன்றாக இருக்கும். இரண்டு பேருக்கு இரண்டு நாற்காலி, பெட்டிகளும் அதிகம் என்றால் ஆளுக்கு ஐந்து. நம் ஊர் ரூபாயாகவோ நாணயமாகவோ கொடுக்காதீர்கள், அவர்களால் அதை மாற்ற முடியாது. சிலர் கைச்செலவுக்கு ஒன்றும் இல்லாமல் இறங்கிவிட்டு, மகன் வரும்வரை அவரைக் காத்திருக்கச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அடுத்த விமானம் காத்திருக்கும். ஊரிலிருந்து கிளம்பும்போதே ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாகக் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் மாற்றித் தருகிறவர்கள் நூறு டாலர் நோட்டைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள்.

லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறவருக்கு ஓர் இரவுக்கு 2 முதல் 5 டாலர். கிளம்பும் அன்று மொத்தமாக வைக்காமல் அன்றன்றைக்குக் காலையில் வைக்க வேண்டும், ஏனென்றால் தினமும் ஒரே ஆள் வரமாட்டார். சும்மா மேசையில் கிடந்தால் அது உங்கள் பணம் என்று தொடமாட்டார்கள். ஒரு துண்டுத் தாளில் "ஹவுஸ்கீப்பிங், தேங்க் யூ" என்று ஆங்கிலத்தில் எழுதி, அதோடு வையுங்கள். சிரித்துப் பேசிப் பரிமாறுகிறவருக்கு எல்லோரும் கொடுத்துவிடுகிறார்கள். கண்ணில் படாமல் வந்து கழிவறையைக் கழுவிவிட்டுப் போகிறவரைத்தான் மறந்துவிடுகிறார்கள். செலவு கையைக் கடிக்கிறது, ஏதாவது ஒன்றைக் குறைக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், இதைக் குறைக்காதீர்கள் என்பேன். இரண்டு டாலராவது போகட்டும்.

நியூயார்க், நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பும் நயாகரா பஸ் டூர்களில் டிப்ஸ் தனி ஏற்பாடு. பலவற்றில் கைடுக்கும் ஓட்டுநருக்கும் சேர்த்து ஓர் ஆளுக்கு, ஒரு நாளைக்கு 10 அல்லது 15 டாலர் என்று தொகையையே நிர்ணயித்திருப்பார்கள். திரும்பி வரும் வழியில் இருக்கை இருக்கையாக வந்து வசூலிப்பார்கள். பேரன் பேத்திக்கும் சேர்த்துக் கேட்பது உண்டு. நான்கு பேர் குடும்பம் இரண்டு நாள் போனால் 80 முதல் 120 டாலர் வரை ஆகிவிடும். டிக்கெட் மலிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். புக் பண்ணும்போதே மகனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். அப்போதுதான் பஸ்ஸுக்குள் சாருக்கும் கைடுக்கும் வாக்குவாதம் வராது.

முடிவெட்டுகிறவர், புருவம் திருத்துகிறவர், டாக்ஸிக்காரர், இவர்களுக்கு 15 முதல் 20 சதவீதம். வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற பையனுக்கு மூன்று நான்கு டாலர். பில்லில் இருக்கும் டெலிவரி கட்டணம் அவருக்குப் போகிறது என்று நினைத்துவிட வேண்டாம். ஆன்லைனில் வாங்கிய பார்சலைப் போட்டுவிட்டுப் போகிறவருக்கு ஒன்றும் வேண்டாம்.

அப்புறம், உங்கள் வீட்டு மனத்தாங்கல். மகன் செய்த காரியம் சரி, செய்த விதம்தான் சாரை வலிக்க வைத்திருக்கிறது. வாழ்க்கை முழுவதும் யாரிடமும் கடன் வைக்காத மனிதர், தான் கொடுத்தது போதாது என்று பிள்ளை பின்னால் போய் நிரப்பியதை அவமானமாக எடுத்துக்கொண்டிருப்பார். மகனிடம் பேசும்போது, பில் வந்ததும் "அப்பா, இங்கே இவ்வளவு வைக்க வேண்டும்" என்று மேசையிலேயே மெதுவாகச் சொல்லிவிடச் சொல்லுங்கள். சாரிடம் மேலே எழுதிய 5 டாலர் 62 செண்ட் கணக்கைக் காட்டுங்கள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவருக்குக் கூலிக் கணக்கை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சிங்கப்பூர் இதற்கு நேர் எதிர். உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் அதற்கு மேல் 9 சதவீத வரியும் பில்லிலேயே வந்துவிடும். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் இந்த இரண்டும் சேரும் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒன்றும் வைக்க வேண்டாம், டாக்ஸிக்கும் மீட்டர் தொகை போதும். சின்னச் சின்ன உணவுக்கடைகள் ஒரே இடத்தில் இருக்கும் ஹாக்கர் சென்டரில் டிப்ஸ் என்ற பேச்சே இல்லை. ஆனால் சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துப்போய் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து அது சட்டம். முதல் தடவை எச்சரிக்கையோடு விடுவார்கள், மறுபடியும் செய்தால் அபராதம் உண்டு. சாரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.